உள்ளது எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி உண்டா?

தேவகோட்டைப் பக்கம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "பிரபஞ்சத்தின் ஏழு விதிகள் என்று ஒரு வீடியோ பார்த்தேன். எங்கள் ஐயாவிடம் காட்டினால், இதெல்லாம் சைவ சித்தாந்தத்தில் எப்போதோ சொன்னதுதான் என்கிறார். வகுப்பில் ஆற்றல் அழியாது, எண்ட்ரோபி கூடும் என்று படிக்கிறோம். கல், மனுஷன், நட்சத்திரம் என்று உள்ளது எல்லாவற்றுக்கும் பொருந்துகிற விதி உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால் நம் வாழ்க்கைக்கும் பொருந்துமா?"

இருக்கிறது தம்பி. ஆனால் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பாலானவை "இது நடக்காது" என்று சொல்லும் விதிகள். இன்னதுதான் நடக்கும் என்று அவை சொல்வது அபூர்வம். ஒரு விதி எத்தனை பொருளுக்குப் பொருந்துகிறதோ, அந்த அளவுக்கு ஒவ்வொரு பொருளைப் பற்றியும் குறைவாகவே சொல்லும். நாற்பது வருஷம் இயற்பியல் படித்ததிலும் படிப்பித்ததிலும் எனக்குப் பட்டது இதுதான். இதைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோவையும் ஐயாவையும் பாடப்புத்தகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வீடியோவை முதலில் முடித்துவிடுவோம். அதிர்வு, எதிர்முனை, தாளம் என்று வரிசையாக வரும் அந்த ஏழும் பழைய எகிப்து ஞானம் என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பட்டியல் இப்போது சுற்றும் வடிவில் வந்தது 1908-இல், அமெரிக்காவின் சிகாகோவில் வெளியான 'தி கிபாலியன்' என்ற புத்தகத்தில். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தீட்சை பெற்ற மூவர்' என்று மட்டும் இருக்கும். வில்லியம் வாக்கர் அட்கின்சன் என்பவர் எழுதியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பழசா புதுசா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. "எல்லாம் அதிர்கிறது" என்ற விதி எதைத் தடுக்கிறது என்று கேட்டுப் பார். வேலை கிடைத்தால் அதிர்வு ஒத்துப்போயிற்று, கிடைக்காவிட்டால் ஒத்துப்போகவில்லை. நாளைக்கு என்ன நடந்தாலும் அந்த விதிக்கு ஒரு கீறலும் விழாது. எது நடந்தாலும் சரி என்கிற விதி எதையும் சொல்லவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதே உரைகல்லில், கௌரவமான பழைய வாக்கியங்களையும் உரசிப் பார்க்க வேண்டும், அதுதான் நியாயம். "எல்லாம் மாறும்" என்பதை எடுத்துக்கொள். கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். ஆனால் ஒரு எலக்ட்ரானுக்கு வயதாவதில்லை. நேற்றுப் பிறந்த எலக்ட்ரானையும் பிரபஞ்சத்தின் ஆரம்பத்தில் பிறந்ததையும் பக்கத்தில் வைத்தால், எது பழசு என்று கண்டுபிடிக்கக் கொள்கையளவில்கூட வழி கிடையாது. அது என்றைக்காவது சிதையுமா என்று இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் பொரெக்ஸினோ என்ற கருவியை வைத்துத் தேடினார்கள். 2015-இல் வந்த முடிவின்படி, அப்படிச் சிதைவதாக இருந்தால் அதன் சராசரி ஆயுள் 1-க்குப் பின்னால் 28 பூச்சியம் போட்ட ஆண்டுகளையும் தாண்டும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். ஆக, எல்லாம் மாறும் என்பது வீட்டுக்கும் மனுஷனுக்கும் நட்சத்திரத்துக்கும் சரி. உள்ளது எல்லாவற்றுக்கும் என்று சொல்லும்போது இடிக்கிறது.

ஐயா சொன்னதை அவ்வளவு சுலபமாகத் தள்ள மாட்டேன். சைவ சித்தாந்தத்தில் சற்காரியவாதம் என்று ஒரு நிலைப்பாடு உண்டு: இல்லாதது தோன்றாது, உள்ளது இல்லாமல் போகாது. தோன்றுவதாகத் தெரிவது ஏற்கனவே நுட்பமாக இருந்ததின் வெளிப்பாடு. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாவில் கட்டிய வாதத்துக்கு இது அஸ்திவாரம். அதற்கும் முந்தி, சமணர்கள் உள்பொருள் எது என்பதற்கே ஒரு இலக்கணம் சொன்னார்கள்: தோன்றுவது, அழிவது, நிலைப்பது மூன்றும் ஒருங்கே எதில் உண்டோ அதுவே உள்ளது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் இது இருக்கிறது. சமணம் நமக்கு அந்நியமும் இல்லை. புதுக்கோட்டையைத் தாண்டிப் போய்ச் சித்தன்னவாசலில் இறங்கினால் அவர்கள் படுத்த கற்படுக்கைகளைத் தொட்டுப் பார்க்கலாம். இந்த இலக்கணம் வீடியோக்காரரின் விதி மாதிரி வழவழா இல்லை. கணந்தோறும் எல்லாம் புதிது என்ற பௌத்தரையும், மாறாத ஒன்றே மெய் என்ற வேதாந்தியையும் ஒரே நேரத்தில் மறுக்கிறது. எதையோ தடுக்கிறது, அந்த மட்டில் பாஸ். அதில் இல்லாதது எண். எது நிலைக்கிறது, எத்தனை கிராம், எத்தனை ஜூல் என்று அளந்து, தப்பாக இருந்தால் தப்பு என்று காட்டும் வழி பின்னால்தான் வந்தது.

எண் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டுச் சுவரையே எடுத்துக்கொள்ளலாம். செட்டிநாட்டுப் பூச்சு என்று கட்டடக்கலைக்காரர்கள் எல்லோரும் வந்து தடவிப் பார்க்கும் அந்த வழவழப்பான வெள்ளைச் சுவர் அடிப்படையில் சுண்ணாம்பு. கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் பக்குவத்துக்குச் சேர்ந்தவை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு 900 டிகிரி வாக்கில் சுடுகிறார்கள். 100 கிராம் கல் உள்ளே போனால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் கரியமில வாயுவாக வெளியே போகும். அதில் தண்ணீர் ஊற்றினால் புசுபுசுவென்று கொதித்துப் பொங்கி, 18 கிராம் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். அதை அரைத்துச் சுவரில் பூசியபின், மாதக்கணக்கில், வருஷக்கணக்கில், காற்றிலிருக்கும் கரியமில வாயுவில் 44 கிராமைத் திரும்ப வாங்கிக்கொண்டு 18 கிராம் தண்ணீரை விட்டுவிடும். 74-இல் 44 கூட்டி 18 கழித்துப் பார், 100 வரும். கல்லாகப் புறப்பட்டது கல்லாகவே திரும்பி, சுவர் வடிவில் நிற்கிறது.

ஆற்றல் கணக்கு இதைவிட அழகு. அந்த 100 கிராமைச் சுடும்போது காளவாய் நெருப்பிலிருந்து 178 கிலோஜூல் உள்ளே போகிறது. தண்ணீர் ஊற்றிப் பொங்கும்போது 65 வெளியே வருகிறது. சுவரில் இறுகும்போது, யாருக்கும் தெரியாமல் மெதுவாக 113 வருகிறது. 65-உம் 113-உம் எவ்வளவு? நம் செட்டிநாட்டார் ரங்கூனிலும் பினாங்கிலும் கடை நடத்திய காலத்தில், அங்கிருந்து ஊருக்கு ஐந்தொகை வரும். வரவும் பற்றும் நேர் வந்தாக வேண்டும், வராவிட்டால் எங்கோ ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆற்றல் காப்பு விதி அப்படி ஒரு ஐந்தொகை.

விட்டுப்போன வரி என்று சொன்னேன், அது நிஜமாகவே நடந்தது. 1920-களில், அணுக்கரு ஒரு எலக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவு என்ற கதிரியக்கத்தில் ஆற்றல் கணக்கு உதைத்தது. உள்ளே இருந்ததைவிட வெளியே வந்தது குறைவு, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு அளவு குறைவு. நீல்ஸ் போர் மாதிரி பெரிய ஆளே, அணுவுக்குள் ஆற்றல் காப்பு சராசரியில்தான் செல்லுமோ என்று யோசித்தார். 1930 டிசம்பரில் வோல்ஃப்காங் பவுலி ஒரு கடிதத்தில் வேறு வழி சொன்னார்: கண்ணில் படாத ஒரு துகள் மீதியை எடுத்துக்கொண்டு போகிறது. பேரேட்டில் பெயரே இல்லாத ஒரு ஆள் மேல் பற்று எழுதின மாதிரி. துணிச்சல்தான். 1956-இல் ரெய்ன்ஸும் கோவனும் அணு உலைப் பக்கத்தில் கருவி வைத்து அந்த நியூட்ரினோவைப் பிடித்தே விட்டார்கள். ஒரு விதி பயனுள்ளது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. "குறைய முடியாது" என்று அது அடம்பிடித்ததால்தான் புதிதாக ஒரு துகள் கிடைத்தது. எதற்கும் தலையாட்டும் விதியிடமிருந்து இப்படி எதுவும் கிடைக்காது.

இந்த அடம் எங்கிருந்து வருகிறது என்பதை 1918-இல் எமி நூத்தர் என்ற ஜெர்மானியக் கணித மேதை நிரூபித்தார். (அப்போது கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெண் என்பதால் அவர் பெயரில் வகுப்பு நடத்த விடவில்லை. அங்கிருந்த கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட் பெயரைப் போட்டு அறிவித்துவிட்டு இவர் பாடம் நடத்தினார்.) இயற்கையின் விதிகள் இன்றைக்கும் நாளைக்கும் ஒன்றாகவே இருந்தால், ஆற்றல் காப்பு தானாக வந்துவிடும். காரைக்குடியிலும் காசியிலும் ஒன்றாக இருந்தால் உந்தக் காப்பு வந்துவிடும். எத்திசையிலும் ஒன்றாக இருந்தால் கோண உந்தக் காப்பு. தனித்தனியாக மனப்பாடம் செய்த விதிகளுக்குப் பின்னால் ஒரே காரணம் இருக்கிறது என்று காட்டியது அது. பல்கலைக்கழகப் பாடத்தில் இதைக் கடைசி அலகில் ஒளித்து வைத்திருப்பது எனக்கு என்றைக்கும் வருத்தம்.

இதே நூத்தர் வழியாகத்தான் ஆற்றல் காப்புக்கு எல்லை எங்கே என்பதும் தெரிகிறது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது, ஆகவே மொத்தமாகப் பார்த்தால் நேற்றும் இன்றும் ஒன்றல்ல. பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயது ஆனபோது கிளம்பிய ஒளி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கிளம்பும்போது சுமார் 3,000 கெல்வின், இப்போது 2.7 கெல்வின். வழியில் விண்வெளியே விரிந்ததால் அலைநீளம் ஏறத்தாழ 1,100 மடங்கு நீண்டுவிட்டது. ஒவ்வொரு ஒளித்துகளின் ஆற்றலும் அதே மடங்கு குறைந்துவிட்டது. அந்தக் குறைந்த ஆற்றல் எங்கே போயிற்று? யார் கணக்கிலும் வரவு வைக்கப்படவில்லை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில், சிறு இடத்துக்குள் கணக்கு எப்போதும் நேர்; முழுப் பிரபஞ்சத்துக்கும் மொத்த ஆற்றல் என்று ஒரு எண்ணைப் பொதுவாக வரையறுக்கவே முடியாது. எல்லா விதிகளிலும் பெரிய விதி என்று நாம் நினைப்பதற்கே இந்த நிபந்தனை இருக்கிறது.

சரி, எண்ட்ரோபிக்கு வருவோம். ஆற்றல் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு அது. காளவாயில் உள்ளே போன 178 கிலோஜூலும் திரும்பி வந்தது என்றேன். ஆனால் போனது 900 டிகிரி நெருப்பாக. வந்ததில் 65 சுடுதண்ணீராக, மிச்சம் 113 சுவரில் கைவைத்தாலும் தெரியாத வெதுவெதுப்பாக. அந்த வெதுவெதுப்பை வைத்து ஒரு டம்ளர் தேநீர்கூடப் போட முடியாது. ஐந்தொகை நேர்தான், கையில் இருக்கிற காசுதான் செல்லாக்காசாகப் போயிற்று. இதுதான் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. 1824-இல் சாடி கார்னோ நீராவி எந்திரத்தைப் பற்றி யோசித்தபோது ஆரம்பித்தது, 1865-இல் கிளாசியஸ் எண்ட்ரோபி என்று பெயர் வைத்தார். ஏன் என்பதற்கு லுட்விக் போல்ட்ஸ்மான் சொன்ன காரணம் எளிமையானது: ஆற்றல் சிதறிக் கிடப்பதற்கான வழிகள் எண்ணிலடங்காதவை, ஒரே இடத்தில் குவிந்திருப்பதற்கான வழிகள் சொற்பம். யாரும் தள்ள வேண்டியதில்லை, எண்ணிக்கையே தள்ளிவிடும். வியன்னாவில் அவர் கல்லறை மேல் அந்தச் சூத்திரத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

எண்ணிக்கையால் வரும் விதி என்பதால் எண்ணிக்கை குறைந்தால் அதுவும் தளரும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஒரு குழு தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய மணி ஒன்றை லேசர் ஒளியால் பிடித்து இழுத்துப் பார்த்தது. ஓரிரு வினாடிக்கு அது இரண்டாம் விதிக்கு எதிர்த்திசையில் போவதைப் பதிவு செய்து 2002-இல் வெளியிட்டார்கள். தண்ணீர் மூலக்கூறுகள் தற்செயலாக ஒரே பக்கம் முட்டினால் அப்படி நடக்கும். கண்ணுக்குத் தெரிகிற அளவுள்ள எதற்கும் அது நடக்கும் வாய்ப்பைப் பூச்சியம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைக் காட்டி, "பாருங்கள், எண்ட்ரோபி" என்று சொல்வது இப்போது பழக்கமாகிவிட்டது. அது பாதி சரி. ஆள் இல்லை, வரவு இல்லை, பழுது பார்க்க யாரும் இல்லை என்றால் திசை ஒன்றுதான். ஆனால் எந்த வீடு, எந்தச் சுவர், எந்த வருஷம் என்று இரண்டாம் விதியிடம் கேட்டால் வாய் திறக்காது. வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், விழுகிற மழை வெளியேறும் தூம்பு அடைத்ததா, ஓடு நழுவிய இடத்தில் உத்தரத்துக்குள் தண்ணீர் இறங்கியதா, காக்கை எச்சத்தோடு விழுந்த அரசம் விதை முகப்பு மாடத்தில் வேர் பிடித்ததா, கறையான் பர்மாத் தேக்கை விட்டுவிட்டு உள்ளூர் மரத்தில் செய்த நிலையில் ஏறியதா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஓட்டை மாற்றுவதற்குப் பங்காளிகள் அத்தனை பேரும் ஒத்துக்கொண்டார்களா என்பது. இயற்பியலில் அதற்குச் சமன்பாடு கிடையாது. பக்கத்து வீட்டில் அதே வயது, அதே சுண்ணாம்பு, அதே தேக்கு. யாரோ ஒரு ஆச்சி வருஷா வருஷம் ஓடு மாற்றிச் சாரல் அடிக்காமல் பார்த்துக்கொண்டதால் கண்ணாடி மாதிரி நிற்கிறது. இரண்டு வீடும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவைதான்.

காரைக்குடிக்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அங்கே பல ஆராய்ச்சிகள் உண்டு, அதில் முக்கியமானது உலோக அரிப்பு, நாம் துரு என்கிறோமே அது. ராமேசுவரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் கடலோரமாகவே உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் வைத்துப் பார்க்கிற நிலையம் இருக்கிறது. இரும்பு, தாதுவாகப் பூமிக்குள் கிடந்தது. ஊதுலையில் ஆற்றலைக் கொட்டி அதை உலோகமாக இழுத்து வைத்திருக்கிறோம். ஈரக் காற்றில் அது திரும்பத் தாது மாதிரியான நிலைக்குப் போகப் பார்க்கும், இரண்டாம் விதி அவ்வளவுதான் சொல்கிறது. எத்தனை நாளில் என்பதில் விதி தலையிடுவதில்லை. துத்தநாகம் பூசினால் துத்தநாகம் முதலில் அரிபடும், இரும்பு தப்பிக்கும். சின்ன மின்னோட்டம் கொடுத்துப் பாலத்துக் கம்பியைக் காக்கலாம். திசையை மாற்ற முடியாது, வேகத்தை மாற்றலாம். சிக்ரியில் இத்தனை பேர் எழுபது வருஷமாக வேலை பார்ப்பது அந்த இடைவெளியில்தான்.

எண்ட்ரோபி பற்றி இன்னொன்று, இது அடிக்கடி தப்பாகப் பேசப்படுகிறது. "ஒழுங்கு தானாக உருவாகாது, ஆகவே உயிர் தோன்றியது விதிக்கு முரண்" என்பார்கள். ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் போய் நின்று பார். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் நிரப்பித் தண்ணீரில் ஊறப்போட்டால், சூளையே இல்லாமல் பூவும் கொடியும் கல்லில் நிற்கிறது. அதற்கான விலை சிமெண்டு ஆலையின் சூளையில் 1,450 டிகிரியில் ஏற்கனவே கட்டியாயிற்று, ஊறும்போது சிமெண்டு விடும் வெப்பமாக மீதியும் போகிறது. ஒரு இடத்தில் ஒழுங்கு கூடலாம், இன்னொரு இடத்தில் அதைவிட அதிகமாகச் சிதறியிருந்தால். உயிர் சூரியனை வைத்து இதைத்தான் செய்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஈர்ப்பு விசையிலிருந்து எதுவும் தப்பவில்லை. மின்விசைக்கு நியூட்ரினோ மசியாது, அணுக்கருவின் வலுவிசைக்கு எலக்ட்ரான் மசியாது, ஈர்ப்புக்கு மட்டும் ஒளி உட்பட எல்லாமே மசிகின்றன. பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு என்னவென்றே தெரியாத கரும்பொருள். அது இருப்பதே ஈர்ப்பு வழியாகத்தான் தெரியும். எல்லாப் பொருளும் ஒரே மாதிரி விழும் என்பதை மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சுச் செயற்கைக்கோளில் டைட்டானியத்தையும் பிளாட்டினக் கலவையையும் வைத்துச் சோதித்தார்கள். 2022-இல் வந்த இறுதி முடிவு: ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு அளவுக்குக்கூட வித்தியாசமில்லை. அடுத்தது வேக வரம்பு: எதுவும் ஒளியைவிட வேகமாகப் போக முடியாது, அதாவது வினாடிக்கு 29,97,92,458 மீட்டர். 2017 ஆகஸ்டில், இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதன் ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 13 கோடி ஆண்டு பயணம் செய்து பூமிக்கு வந்தன. வந்த நேர வித்தியாசம் 1.7 வினாடி. அந்த எண்ணைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தோற்றுப்போன விதி ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் படம் முழுமையாகாது. கண்ணாடியில் தெரியும் பிம்பமும் இயற்கை விதிகளுக்குக் கட்டுப்படும், இடது வலது என்று இயற்கை பாரபட்சம் பார்க்காது என்று எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் இருக்கக் காரணமே இல்லை. 1956-இல் லீ, யாங் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், பீட்டா சிதைவை நடத்தும் மெல்விசையில் யாரும் இதைச் சோதிக்கவே இல்லையே என்று சுட்டிக்காட்டினார்கள். சியன்-ஷியுங் வூ என்ற அம்மையார் கோபால்ட்-60 அணுக்களைக் கடுங்குளிரில் ஒரே பக்கம் நோக்கி நிற்க வைத்து அளந்தார். எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே அதிகம் வந்தன. இயற்கை பாரபட்சம் பார்க்கிறது. 1957-இல் லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு, அளந்தவருக்கு இல்லை. "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று யாராவது சொன்னால், எங்கெல்லாம் சோதித்தீர்கள் என்று கேட்பதற்கு இந்தக் கதை போதும்.

"இங்கே சோதித்தது அங்கேயும் செல்லும் என்று எப்படித் தெரியும்?" என்று நீ அடுத்துக் கேட்பாய். தூரத்துக்கு நட்சத்திர ஒளியே சாட்சி: பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஹைட்ரஜனின் நிறமாலைக் கோடுகளும் நம் ஆய்வுக்கூட ஹைட்ரஜன் கோடுகளும் ஒரே விகிதத்தில் இருக்கின்றன. காலத்துக்குச் சாட்சி ஆப்பிரிக்காவில் கிடைத்தது. 1972-இல் காபோன் நாட்டின் ஓக்லோ சுரங்க யுரேனியத்தை அளந்தபோது, 235 வகை 0.720 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 0.717 இருந்தது. துளியூண்டு குறைவு. அணு எரிபொருள் விவகாரம் என்பதால் பிரெஞ்சு அதிகாரிகள் விடாமல் துருவினார்கள். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தடி நீர் உதவியால் அந்தத் தாதுப் படுகையே இயற்கை அணு உலையாக எரிந்திருக்கிறது. அது விட்டுப்போன சமேரியம் என்ற தனிமத்தின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால், அணுக்கருவை ஆளும் எண்கள் அன்றைக்கும் இன்றைக்கும் மிக நெருக்கமாக ஒன்றாகவே இருக்கின்றன.

கடைசிக் கேள்வி, வாழ்க்கைக்குப் பொருந்துமா என்பது. தடை என்ற அளவில் முழுக்கப் பொருந்தும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் உன் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது, அதைச் சாப்பாட்டில் ஈடுகட்டியாக வேண்டும். வேலை கிடைக்குமா, கல்யாணம் எப்போது என்பதெல்லாம் இந்த விதிகள் தடுக்காத பெரிய மைதானத்துக்குள் நடக்கிறவை. அங்கே அவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. "குவாண்டம்படி நினைத்தது நடக்கும்" என்று யாராவது வகுப்பு எடுத்தால், கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடு.

ஆனால் ஊர் அளவில், உலக அளவில் பார்த்தால், அந்தத் தடை நம் மேல் வந்து முட்டும். கூட்டு வட்டி நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பேரேட்டில் பணம் எவ்வளவு வேண்டுமானாலும் குட்டி போடும், எழுதும் எண்ணுக்கு எடை கிடையாது. ஆற்றல் அப்படி இல்லை. உலகம் இன்று ஆற்றலைப் பயன்படுத்தும் வேகம் சுமார் 19 லட்சம் கோடி வாட். வருஷத்துக்கு 2.3 சதவீதம் கூடினால் நூறு வருஷத்தில் பத்து மடங்கு, நானூறு வருஷத்தில் பத்தாயிரம் மடங்கு. பூமியின் மேல் விழும் மொத்தச் சூரிய ஒளியே இன்றைய நம் தேவையைப்போல ஒன்பதாயிரம் மடங்குதான். கடல், காடு, பாலைவனம் என்று ஓர் இடம் விடாமல் தகடு போட்டு, அந்தத் தகடுகளும் ஒரு துளி வீணாக்காமல் வேலை செய்தாலும் போதாது. அணுக்கருவிலிருந்து எடுத்தாலும் கடைசியில் அத்தனையும் வெப்பமாகப் பூமியில்தான் தங்கும். ஆகவே அந்த வளர்ச்சி நானூறு வருஷம் ஓடாது, இது உறுதி. ஐம்பதாம் வருஷம் நிற்குமா இருநூறாம் வருஷமா, தானாக அடங்குமா அடிபட்டு நிற்குமா, யாருக்குக் குறையும் யாருக்குக் குறையாது என்பதையெல்லாம் பொருளாதாரம் படித்தவர்களிடமும் அரசியல் தெரிந்தவர்களிடமும்தான் நீ கேட்க வேண்டும்.